எலுமிச்சையில் ஆண் மரம் கிடையாது, வெட்டிவிடாதீர்கள்

"நாலு வருஷமாகியும் எலுமிச்சை காய்க்கவில்லையா? அது ஆண் மரம், வெட்டிவிட்டு வேறு வையுங்கள்" என்று மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய்.

பனையிலும் பப்பாளியிலும் ஆண், பெண் தனித்தனியாக உண்டு, அதைப் பார்த்துப் பழகியவர்கள் எலுமிச்சைக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பூவை விரித்துப் பாருங்கள், சுற்றிலும் ஆண் பாகமான மகரந்தத் தாள்கள், நடுவில் பெண் பாகமான சூலகம், இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சில பூக்களில் சூலகம் வளராமல் போவதுண்டு, அதை வைத்து மரத்தையே ஆண் என்று சொல்ல முடியாது. துணைக்கு இன்னொரு மரமும் வேண்டாம்.

சரி, அப்புறம் ஏன் காய்க்கவில்லை? விதையில் வந்த கன்று என்றால் நாலைந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும், அந்த நேரத்தில் போய் வெட்டுவது அநியாயம். வீடுகள் நெருங்கிய தெருக்களில் கொல்லைக்கு வெயிலே சரியாக விழாது, மரத்துக்கோ தினம் 6 மணி நேரமாவது வேண்டும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எந்நேரமும் தேங்கினால் வேர் அழுகும், யூரியாவை அள்ளிப் போட்டால் இலையாகவே தழைக்கும். வளர்ந்த மரத்துக்குக் கொஞ்ச நாள் தண்ணீரை நிறுத்தி, மண்ணைக் காயவிட்டு, பிறகு நன்றாகப் பாய்ச்சுங்கள், பூ எடுக்கும்.

இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் (ஜிங்க்) குறைதான். புதுத் தளிர் வரும்போது ஜிங்க் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். சந்தேகமென்றால் மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் இலையைக் காட்டிக் கேளுங்கள்.