கல்யாணச் சாவு என்று சொல்லாதீர்கள்

என் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, போன மாதம் 91 வயதில் இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் சொன்னது, "கல்யாணச் சாவுத்தா, அழக்கூடாது." பேரன் பேத்தி எடுத்துவிட்டார், படுக்கையில் கிடந்து சீரழியவில்லை, அப்புறம் என்ன அழுகை என்கிறார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள், தெரிகிறது. ஆனாலும் அந்த வார்த்தை எனக்கு ஆகவே இல்லை. 91 வருஷம் சேர்த்து வைத்த மனிதர் போனால் இழப்பு கூடத்தானே செய்யும்?

எங்கள் ஊர் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பனங்காடு. மாசி பிறந்தால் அய்யா பனையேறத் தொடங்குவார், ஆடி வரைக்கும் ஓயமாட்டார். ஒவ்வொரு மரத்திலும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறிப் பாளை சீவவேண்டும். நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தோல் காய்த்துப் போயிருக்கும். மழைக்காலம் வந்தால் மானாவாரியில் முண்டு மிளகாய். இரண்டும் இல்லாத நாட்களில் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலோரம் போய்விடுவார். வீட்டுக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் மறக்கவே முடியாதது ஊற்றுத் தோண்டுவது. கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி, மணல்மேட்டுக்கு இந்தப்புறம் ஓர் இடத்தைக் காலால் தட்டிக் காட்டுவார். சிரட்டையால் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசியும், குடித்தால் இனிக்கும்! இன்னும் தோண்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "போதும்த்தா, ஆழம் போனா உப்பு வந்துரும்." மழைத்தண்ணீர் கடல்தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் மேலே மிதக்கிறது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவரைப் 'படிக்காதவர்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

காடு கடல் என்று திரிந்த ஆள் என்பதால் வீட்டை மறந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய அத்தை ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்தபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ரோட்டோரம் போய் நிற்பாராம். கையில் பனையோலைப் பட்டையில் நுங்கு. பஸ் வராமல் போன ஒரு வெள்ளிக்கிழமை, நிலா எழும்பும் வரை அங்கேயே நின்றிருக்கிறார். அத்தை இதைச் சொல்லும்போது இப்போதும் குரல் உடைந்துவிடுகிறது. நாலு பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கருப்பட்டிக் காசில்தான்.

1964 புயலைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். அந்த டிசம்பரில் சேர்த்து வைத்திருந்த கருப்பட்டியைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய் விற்பதாக இருந்தாராம். அப்பத்தா நிறைமாதம். அப்பா வயிற்றில். "இவளை விட்டுட்டு எப்படிப் போறது" என்று தங்கிவிட்டார். 22ஆம் தேதி ராத்திரி பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோய்விட்டது. கூடப் போவதாக இருந்த இரண்டு பேர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அய்யா கடைசிவரை முதல் ஆளாய்ப் போய் நின்றார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒருவரைத்தான் "வாழ்ந்து முடித்துவிட்டார்" என்கிறார்கள். எந்த மேகம் பெய்யும், எது ஏமாற்றும் என்று இனி நாங்கள் யாரிடம் கேட்பது? அப்பத்தா பக்கத்தில் இனி யார் உட்கார்வது? அவளுக்கு வயது 84. அவளிடம் போய்க் கல்யாணச் சாவு என்று சொல்லிப் பாருங்கள்.

தூக்கும்போது ஊர்ப்பிள்ளைகள் கொட்டு வைத்து வேட்டும் போட்டார்கள். பெரிய சாவு என்றால் அதுதானே வழக்கம். தீபாவளிக்குக்கூடப் பனங்காட்டுப் பக்கம் வெடி போட அய்யா எங்களை விட்டதில்லை, ஓலைக்கு அடியில் குருவிகள் கூடு கட்டியிருக்கும் என்பார். முதல் வேட்டுச் சத்தத்துக்கே மொத்தக் குருவிக் கூட்டமும் பறந்து கிளம்பிவிட்டது. அப்பா பாடையை விட்டுவிட்டு அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போய்ப் பிள்ளைகளிடம் மெதுவாக, "போதும்ப்பா, நிறுத்துங்க" என்றார்.