சபை பாடட்டும், விடுங்கள்

ஞாயிறு திருவிருந்து ஆராதனையில் ஒரு புதுப் பாடலைச் சபையால் பாட முடியாமல் போனதை நம் சபையாருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அதன் பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த பதிலுக்குத்தான் இதை எழுதுகிறேன்: "பாடத் தெரியாதவர்கள் மனதுக்குள் தியானிக்கலாமே."

யார் பாடத் தெரியாதவர்கள்? புத்தகத்தைத் திறக்காமலேயே ஆறு சரணமும் பாடுகிற நம் பெரியவர்களா?

முதல் சரணத்தில் எல்லோரும் முயன்றார்கள். பல்லவியில் ராகம் மேலே ஏறியதும் பெண்கள் பக்கம் குரல் அறுந்தது. ஆண்கள் ஒரு ஸ்தாயி இறங்கி முணுமுணுத்தார்கள். மூன்றாம் சரணத்தில் மைக் பிடித்திருந்தவர்களைத் தவிர ஒருவர் உதடும் அசையவில்லை. பாடலில் குறையில்லை. அதைப் பதிவு செய்த பாடகரின் சுருதியை அப்படியே சபையின் தலையில் கட்டியதுதான் குறை. பயிற்சியில்லாத குரல் மேல் டி ஸ்வரம் வரை வரும், அடுத்த ஸ்வரமான ஈ வரை இழுத்துப் பிடிக்கும், அதற்கு மேல் அடங்கிவிடும். கீபோர்டில் சுருதியை இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தியிருந்தால் போதும்.

நாம் பாப்டிஸ்ட் சபையார். அச்சிட்ட ஜெபப் புத்தகத்தை வைத்து ஆராதிப்பவர்கள் அல்ல. போதகர் பிரசங்கிக்கிறார், ஒருவர் ஜெபிக்கிறார், நாம் ஆமென் சொல்கிறோம். சபை முழுவதும் சேர்ந்து வாய் திறப்பது பாடலில்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் நாங்கள் எதற்கு வருகிறோம், பார்வையாளர்களாகவா?

"அப்படியானால் புதுப் பாடலே கூடாதா?" கூடும். நம் சபைகளில் ஒரு காலத்தில் ஆராதனையில் ஞானப்பாட்டு பாடுவதே புதுமைதான். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் பாப்டிஸ்ட் போதகர் பெஞ்சமின் கீச் முதலில் திருவிருந்தின் முடிவில் மட்டும் பாட வைத்தார். அது வாராவாரம் பாடுவதாக வளர ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். எதிர்த்தவர்களுக்குப் பதிலாக 1691இல் ஒரு நூலே எழுதினார். அப்படியும் சிலர் பிரிந்து போனார்கள். அவ்வளவு பொறுமை நமக்கு வேண்டாம். ஒரு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாட வைக்கக்கூடவா முடியாது?

"பழைய பாமாலைகளிலும் பாட முடியாதவை உண்டே." உண்டு. அவற்றையும் விட்டுவிடுங்கள்.

"வாலிபர்கள் போய்விடுவார்கள்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. என் மகளும் வாலிபப் பெண்தான். பாட்டியின் பக்கத்தில் நின்று நின்றே ஆல்டோ என்ற பெண்களின் கீழ்க்குரல் பகுதியைக் கற்றவள். ஞாயிறன்று வெளியே வந்ததும், "என் குரலே எனக்குக் கேட்கவில்லை அப்பா" என்றாள். அவளைக் கேட்டுவிட்டா முடிவெடுத்தீர்கள்? யாரைத்தான் கேட்டீர்கள்? நாற்காலி வாங்கச் சபைக் கூட்டம் போட்டுக் கை தூக்க வைத்தீர்கள். திருவிருந்துப் பாட்டை மட்டும் சனிக்கிழமை இரவு இரண்டு பேர் முடிவு செய்கிறார்கள். கேட்டால், எனக்குப் பொறாமையாம். பாடகர் குழுவில் பல வருடம் டெனர் என்ற ஆண்களின் மேல்குரல் பகுதியைப் பாடியவன் நான். ஒரு நாளும் சபையின் குரலுக்கு மேல் என் குரல் கேட்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது.

"இருதயத்தில் பாடுங்கள் என்று வேதமே சொல்கிறதே" என்று எபேசியர் 5:19ஐ எடுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். அந்த வசனத்தை முதலிலிருந்து வாசியுங்கள். "ஒருவருக்கொருவர் புத்திசொல்லிக்கொண்டு" என்று இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பவருக்கு எப்படிப் புத்தி சொல்வது? அடுத்த சபைக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன். பாட்டுப் பட்டியலைப் போடுகிறவர்கள் அன்றைக்குக் கட்டாயம் வர வேண்டும்.