ஒரு செஃப்ட்ரியாக்சோனைப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிற வேலை

காய்ச்சல் என்று வருகிறவருக்கு செஃப்ட்ரியாக்சோன் என்கிற அன்டிபயோட்டிக் (கிருமிகொல்லி) ஊசி 1 கிராமை ஏற்றி, "நாளைக்கும் வந்து ஒண்டு போடுங்கோ" என்று வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும். மருந்தில் குறை இல்லை. மூளைக்காய்ச்சல், நிமோனியா, நெருப்புக்காய்ச்சல், கடுமையான எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நாங்கள் நம்பியிருக்கிற மருந்து அது. கிருமிகள் இதற்குச் சீக்கிரம் பழகிவிடக்கூடும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் இதைக் கண்காணித்துப் பாவிக்க வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது. எங்கள் ஊரிலோ "பவரான ஊசி" என்று நோயாளியே கேட்டு வாங்குகிறார். கொடுக்காவிட்டால் அடுத்த ஒழுங்கையில் இருக்கிற கிளினிக்குக்குப் போய்விடுவார். அந்த நெருக்கடி விளங்குகிறது. அதற்காகச் செய்வது சரியாகிவிடாது.

மாரியில் இங்கே வருகிற காய்ச்சல்களை எடுத்துப் பாருங்கள். டெங்கு வைரஸ், அதற்கு எந்த அன்டிபயோட்டிக்கும் வேலை செய்யாது. பிளேட்லெட் இறங்குகிற நேரத்தில் தசையில் ஊசி போட்டால் அந்த இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

உண்ணிக்காய்ச்சலுக்கு ஒரு பெட்டி செஃப்ட்ரியாக்சோன் ஏற்றினாலும் காய்ச்சல் அசையாது. அந்தக் கிருமி எங்கள் உடற்கலங்களுக்குள்ளே இருந்து பெருகுவது, இந்த வகை மருந்துக்கு மசியாது. அதற்கு வேண்டியது டொக்சிசைக்கிளின் 100 மி.கி. காலையும் மாலையும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். ஆனால் நோயைப் பிடிக்க வேண்டுமே. உடுப்பை விலக்கிப் பார்க்க வேண்டும்: அக்குள், கவட்டை, மார்புக்குக் கீழ்மடிப்பு, உடுப்பு இறுக்குகிற இடுப்புப் பகுதி. சிகரெட்டால் சுட்டதுபோல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிவரச் சிவப்புமாக ஒரு சின்னக் காயம் இருக்கும். நோகாது, கடிக்காது, அதனால் நோயாளி அதைப்பற்றி வாயே திறக்கமாட்டார். எல்லாருக்கும் இருக்கும் என்றும் இல்லை. ஊசியை ஏற்றுகிற நேரத்தில் பாதி போதும் அதைத் தேட.

நெருப்புக்காய்ச்சல் என்றால் இந்த மருந்து சரி. ஆனால் வளர்ந்தவருக்கு நாளுக்கு 2 கிராம், 10 முதல் 14 நாள். சரியான மருந்து போனாலும் காய்ச்சல் விட நான்கு தொடக்கம் ஆறு நாள் எடுக்கும். மூன்றாம் நாள் "ஊசி கேட்கேல்லை" என்று வேறு டொக்டரிடம் ஓடி, அவர் வேறொன்றைத் தொடங்கி, கடைசியில் எது வேலை செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வயலில் இறங்குகிற நீரிழிவுக்காரருக்கு, சேற்றிலும் மண்ணிலும் இருக்கிற கிருமியால் வருகிற மெலியோய்டோசிஸ் வந்தால் செஃப்ட்ரியாக்சோன் போதாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் வேண்டும். பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் வேலை ஒன்றல்ல.

2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, "மர்மக் காய்ச்சல்" என்று பயந்து, கடைசியில் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடுமையான எலிக்காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் நாளுக்கு ஒரு தரம், ஏழு நாள்; பென்சிலினுக்கு ஈடாகவே வேலை செய்யும். ஆனால் அந்த நோயில் ஆளைக் கொல்வது சிறுநீரகமும் நுரையீரலும்தான். சிறுநீரை அளக்காமல், மூச்சைப் பார்க்காமல், ஒரு ஊசியோடு வீட்டுக்கு அனுப்பினால் "மருந்து போயிருக்கு" என்ற தைரியத்தில் ஒரு இரவைத் தள்ளிப்போடுவார்கள். அந்த ஒரு இரவு போதும். முதல் ஊசி போன சில மணித்தியாலத்தில் நடுக்கமும் காய்ச்சலும் கூடவும் கூடும். கிருமி உடைகிறதால் வருகிற எதிர்வினை அது, ஒவ்வாமை அல்ல. வாட்டில் இருந்தால் பிரித்தறியலாம். வீட்டில் யார் பிரிப்பது?

அடுத்தது பிளட் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற சோதனை. ஊசிக்கு முதல் எடுத்தால்தான் அதற்கு முழுப் பெறுமதி. வளர்ந்தவருக்கு ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மி.லீ.; தோலைத் துடைத்துக் காயவிட்டுத்தான் குத்த வேண்டும். கிளினிக்கில் ஒரு குப்பி போய்விட்டால், அடுத்தநாள் ஆஸ்பத்திரியில் எடுக்கிற கல்ச்சரில் பல தடவை ஒன்றும் வளராது. பிறகு இருட்டில்தான் வைத்தியம்.

இனி ஊசியை ஏற்றுகிற விதம். நாளத்துக்குள் என்றால் 1 கிராமை 10 மி.லீ. ஊசிக்குரிய சுத்த நீரில் கரைத்து, மூன்று நான்கு நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும்; ஐந்து நிமிடம் என்றால் இன்னும் நல்லது. 2 கிராம் என்றால் சாதாரண சேலைனில் அரை மணித்தியாலம். தசையில் என்றால் 1 கிராமை, இடத்தை மரக்கச்செய்கிற லிக்னோகெயின் 1% மருந்தில் 3.5 மி.லீ. எடுத்துக் கரைப்பார்கள், வலி தாங்க முடியாது என்பதால். லேபலைப் பாருங்கள்: 1% தானா, அட்ரினலின் கலக்காததா என்று. லிக்னோகெயினில் கரைத்தது ஒருபோதும் நாளத்துக்குள் போகக்கூடாது. இதயத் துடிப்பைக் குழப்பும், வலிப்பு வரும். இரண்டு விதமாகவும் கரைத்த சிரிஞ்சுகள் ஒரே தட்டில் பெயரெழுதாமல் கிடப்பதுதான் விபத்தின் தொடக்கம். கரைத்தது இளமஞ்சளாக இருப்பது இயல்பு. துகள் தெரிந்தால் எறியுங்கள். கரைத்த பிறகு 25 பாகைக்குக் கீழே ஆறு மணித்தியாலம் தாங்கும் என்பார்கள். எங்கள் சித்திரை வெயிலில் எந்த அறை 25 பாகையில் இருக்கிறது? கரைத்தால் உடனே ஏற்றுங்கள்.

கல்சியம் உள்ள எதோடும் இது சேரக்கூடாது. நாளத்தில் ஏற்றுகிற ஹார்ட்மன், ரிங்கர் லக்டேட் திரவங்கள் இரண்டிலும் கல்சியம் இருக்கிறது. ஒரே குழாயில் சந்தித்தால் மணலாகப் படியும். வளர்ந்தவருக்கு ஒன்று முடிந்து, குழாயைச் சேலைனால் நன்றாகக் கழுவி, பிறகு மற்றதைக் கொடுக்கலாம். பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தைக்குக் கல்சியம் ஏறுகிறதென்றால் செஃப்ட்ரியாக்சோனே வேண்டாம். நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்து இறந்த குழந்தைகள் உண்டு. மஞ்சள் பிடித்த குழந்தைக்கும் வேண்டாம், அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை மூளைப் பக்கம் தள்ளிவிடும். இப்படியான பச்சிளங் குழந்தைகளுக்குச் செஃபோடாக்சைம் இருக்கிறது.

"ரெஸ்ட் டோஸ்" (test dose) என்று தோலில் கொஞ்சம் போட்டுப் பார்த்துத் தோல் தடிக்கவில்லை, ஆகவே பயமில்லை என்கிற நம்பிக்கைக்கு ஆதாரம் மெத்தக் குறைவு. தோல் தடிக்காதவருக்கும் ஒவ்வாமை வரும். வாயால் கேட்பதுதான் பெரிய சோதனை: முன்னர் எந்த மருந்துக்கு, எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது? பென்சிலினுக்குச் சும்மா ஒரு சொறி வந்தவருக்குப் பெரும்பாலும் இதைக் கொடுக்கலாம். மூச்சு அடைத்து, பிரஷர் விழுந்தவர் என்றால் அந்த முடிவு பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட வேண்டியது.

கடும் ஒவ்வாமைக்கு முதலில் போட வேண்டிய அட்ரினலின் மேசையில் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போடாதீர்கள். பாமசியில் வாங்கி, ஊசி போடத் தெரிந்த அயலவரைக் கூப்பிட்டு ஏற்றுவது சாவோடு விளையாடுவது. நாளத்துக்குள் போன மருந்துக்கு ஒவ்வாமை என்றால் சில நிமிடத்திலேயே காட்டும்: உள்ளங்கையில் கடி, தொண்டை இறுக்கம், இளைப்பு, சத்தி, மயக்கம். தடிப்பு வராமலும் நடக்கும். ஊசியை நிறுத்தி, ஆளைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, 1:1000 அட்ரினலின் 0.5 மி.லீ. தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஆறு தொடக்கம் பன்னிரண்டு வயதுக்கு 0.3, அதற்குக் கீழே 0.15. தெளியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் திரும்பவும். பிரிட்டோன் (Piriton) என்கிற ஒவ்வாமை மருந்தும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் பிறகு. அவற்றைத் தேடி அட்ரினலினைப் பிந்தவிட்டதால் போன உயிர்கள்தான் கவலை. 1990 அம்புலன்சுக்கு அழைப்பதை இன்னொருவர் செய்யட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது முக்கியம். கழுத்து விறைத்து, நினைவு மங்கி, மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், ஆஸ்பத்திரி தூரமென்றால் முதல் ஊசியை அங்கேயே போட்டுவிட்டுத்தான் ஆளை ஏற்ற வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும்வரை காத்திருக்க முடியாது. முடிந்தால் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்துவிட்டுப் போடுங்கள். முடியாவிட்டால் அதற்காகப் பிந்த வேண்டாம்.

அனுப்புகிற கடிதத்தில் "ஊசி போடப்பட்டது" என்று மட்டும் எழுதினால் எடுக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. மருந்தின் பெயர், அளவு, நாளத்திலா தசையிலா, எத்தனை மணிக்கு, கல்ச்சர் எடுத்ததா என்று எழுதுங்கள். ஒவ்வாமை வந்திருந்தால் அதே விபரம் நோயாளியின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் சிவப்பில் இருக்கட்டும்.