டிசெம்பர் 26 பற்றிய பதிவுக்கு ஒரு திருத்தம்

தம்பி, 2003 டிசெம்பர் 26இல் ஈரானின் பாம் நகரில் நிலநடுக்கம், 2004இல் அதே நாளில் சுனாமி, ஆகவே அந்தத் திகதியில் கடல் திரும்பவும் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், நாவலடி, மருதமுனைப் பக்கம் சுனாமியின் இழப்பைச் சுமப்பவர்கள் இதைப் படித்தால் பயந்து போவார்கள்.

திகதிகள் இரண்டும் சரி. தொடர்புதான் இல்லை. பாம் நகரில் நடந்தது 6.6 அளவில், கடலோரத்தில் இல்லாத ஓர் ஊரின் நிலப்பிளவில். நம்மைத் தாக்கிய சுனாமிக்குக் காரணம், பாமிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சுமாத்திரா அருகே கடலடியில் இந்தியத் தட்டு என்ற பெரும் பாறைப் பலகை இன்னொரு தட்டின் அடியில் செருகும் இடத்தில் வந்த 9.1 அளவு நிலநடுக்கம்.

உலகில் 6 அளவைத் தாண்டிய நிலநடுக்கங்கள் ஆண்டுக்கு நூறுக்கு மேல். பத்து ஆண்டில் ஆயிரம். இருப்பதோ 365 திகதிகள், ஒன்றில் இரண்டு மூன்று விழத்தான் செய்யும்.

நீங்களே பார்க்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையத்தளத்தில் நிலநடுக்கப் பட்டியல் இருக்கிறது. அளவு 6 என்று கொடுத்து, உங்கள் பிறந்தநாளை ஒவ்வோர் ஆண்டாகத் தேடுங்கள். பத்து ஆண்டு பார்ப்பதற்குள் பெரும்பாலும் ஒன்றாவது அகப்படும்.