நேயர் விருப்பம்

பாட்டுச் செயலிகளுக்கு நம்முடைய ரசனை நம்மைவிட நன்றாகத் தெரியும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் நாம் கேட்டதை வைத்துத்தான் செயலி அடுத்ததைத் தருகிறது. நாங்கள் கேட்டே இராத பாட்டை எங்களுக்குத் தந்தவர் வானொலி அறிவிப்பாளர்.

1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, பிறகு இலங்கை வானொலியாகி, கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்களை அங்கேயும் அடையாளம் தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையிலிருந்து காலி வீதி வரை நடந்தால் பாட்டில் ஒரு வரிகூடத் தவறாது. வீட்டுக்கு வீடு அதே நிலையம். அம்மம்மாவின் ரேடியோவில் பற்றரி மூடி உடைந்து, இறப்பர் வளையம் போட்டிருக்கும். கேட்ட பாட்டைப் போடும் நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்குத் தபாலட்டை போட்டுவிட்டுக் கிழமைக்கணக்காகக் காத்திருப்பா. பெயர் வாசிக்கப்பட்ட அன்று பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ரியும் ஓடிவந்து கையைப் பிடித்தா.

நேற்று 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். பக்கத்திலிருந்த பிள்ளை காதில் இயர்போனுடன் கண்கலங்கிக்கொண்டிருந்தாள். என்ன பாட்டென்று கேட்க மனம் துடித்தது, கேட்கவில்லை.