வில்லியம் லீட்ஸ் ஒற்றன் இல்லை

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அக்பரிடம் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் லீட்ஸ் "இங்கிலாந்து அனுப்பிய முதல் ஒற்றன்" என்று பேச்சாளர் அடித்துச் சொல்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. அதை மறுத்து நான் நாலு வரி போட்டேன். அதற்கு வந்த வசவுகளைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

ஒற்றன் என்றால் திரும்பிப் போய்த் தகவல் சொல்ல வேண்டாமா? லீட்ஸ் ஊர் திரும்பியதாக எங்கேயும் ஒரு வரி கிடையாது.

1583-ல் 'டைகர்' கப்பலில் லண்டனை விட்டுக் கிளம்பிய கூட்டத்தில் ஜான் நியூபரியும் ரால்ஃப் ஃபிட்சும் வியாபாரிகள், ஜேம்ஸ் ஸ்டோரி ஓவியர், லீட்ஸ் நகைத் தொழிலாளி. அலெப்போ, பாக்தாத், பஸ்ரா வழியாகப் பாரசீக வளைகுடாவில் இருக்கும் ஓர்மஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே போர்த்துகீசியர்கள் பிடித்து, கோவாவுக்கு அனுப்பிச் சிறையில் போட்டார்கள். ஸ்டோரி கோவாவிலேயே தங்கிவிட்டார். மற்ற மூவரும் ஜாமீனில் வந்தபின் தப்பி, பிஜப்பூர், கோல்கொண்டா சுற்றி அக்பரின் அரசவை இருந்த ஃபதேபூர் சிக்ரி வந்தார்கள். 1585 செப்டம்பர் 28 அன்று பிரிந்தார்கள். லாகூர் பக்கம் போன நியூபரி ஊர் சேரவே இல்லை. ஃபிட்ச் வங்காளம், பர்மாவின் பெகு, மலாக்கா வரை போய் 1591-ல் லண்டன் திரும்பினார். பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஆலோசனை கேட்டது அவரிடம். லீட்ஸ் அக்பரிடமே வேலைக்கு நின்றுவிட்டார். ஒரு வீடு, ஐந்து அடிமைகள், ஒரு குதிரை, தினமும் கூலி கிடைத்தது என்று ஃபிட்ச் எழுதுகிறார். அவ்வளவுதான்.

"எலிசபெத் ராணி கடிதம் கொடுத்து அனுப்பினாரே?" சரி, கொடுத்தார். கடிதத்தில் இருப்பது நியூபரியின் பெயர். "அடிமைகளை வைத்துக்கொண்டவன்தானே?" அது தவறுதான், அதற்கு நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒற்றன் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

"வெள்ளைக்காரனுக்கு ஏன் வக்காலத்து?" என்று கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் அப்பா நகைப் பட்டறைத் தொழிலாளி. ஊரில் வேலை இல்லாமல் வளைகுடாவுக்குப் போனார். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் வேலை முடிந்து கை கால் கழுவும் தண்ணீரைக்கூடத் தொட்டியில் பிடித்து வைப்பார்களாம், ஒட்டியிருக்கும் தங்கத் துகளுக்காக. லீவில் வந்த அப்பாவை, ஊரை விட்டு ஓடிப்போனவன் என்று முகத்துக்கு நேரே சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. அப்பா பதில் சொன்னதே இல்லை. அந்தப் பேச்சுதான் இன்றைக்கு வேறு உருவத்தில் என் பதிவின் கீழே வந்து நிற்கிறது. கைத்தொழிலை நம்பிக் கடல் தாண்டியவனை, விசாரிக்காமலே சந்தேகப்படுவீர்களா?

கம்பெனி தொடங்கியதே 1600-ல். பதினைந்து வருஷம் முன்னால் சிக்ரியில் கல் பதித்துக் கூலி வாங்கியவன் தலையில் அதன் பாவம் அத்தனையையும் கட்டாதீர்கள். ஃபிட்ச் எழுதியது, ரிச்சர்ட் ஹக்லூட் என்ற ஆங்கிலேயர் சேர்த்து வெளியிட்ட பயணக் குறிப்புத் தொகுப்பில் 1599-லேயே அச்சாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லீட்ஸ் பற்றிய வரிகளைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம். படிக்காமல் என் அப்பாவை இழுத்துத் திட்டிய இரண்டு பேரையும் பிளாக் செய்துவிட்டேன்.