கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதா? அது மோசடி அல்ல

“வகைவாரி எண்களைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகம் வருகிறது, ஆகவே அறிக்கையே பொய்” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

மொத்தம் 100 புகார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 புகார்கள் ‘தாமதம்’ வகையில், 55 ‘சேதம்’ வகையில். கூட்டினால் 115. பொருள் தாமதமாகவும் வந்தது, உடைந்தும் இருந்தது என்ற 15 புகார்கள் இரண்டு வகையிலும் எண்ணப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். 60%, 55% இரண்டுமே சரி. அந்த 15-ஐயும் தாமதத்தில் மட்டும் வைத்தால் கணக்கு அழகாக 100 வரும். ஆனால் சேதம் 40 ஆகச் சுருங்கிவிடும். எனக்கு அதுதான் பெரிய பொய்.

சரி, உண்மையான பிழை எது? புகார்ப் பட்டியலோடு வகை அட்டவணையை இணைத்தால், இரண்டு வகையிலும் உள்ள புகார் இரண்டு வரிகளாக வரும்; அந்த வரிகளை எண்ணி, 115-ஐயே ‘மொத்தப் புகார்கள்’ என்று போடுவது. மொத்தம் காண, ஒவ்வொரு புகார் எண்ணையும் ஒருமுறைதான் எண்ண வேண்டும்.